கடல் தாண்டிய நாம்பன்

"மாட்டை எடுத்துப்போட்டு அந்த இடத்திலை தாயகத்தை வையுங்கோ அண்ணை. வேறை ஒண்டும் மாத்த வேண்டாம்."

இயக்கத்தின் கலைப் பொறுப்பாளன் குலசிங்கம் இப்படிச் சொன்னபோது வேலணைப் பரமலிங்கத்துக்குக் கையிலிருந்த ஆர்மோனியப் பெட்டியைவிட நெஞ்சு பாரமாகிப் போயிற்று. பாட்டு அவருடையதாக இருந்தால் மாட்டையென்ன, பட்டியையே அவிழ்த்து விட்டிருப்பார். ஆனால் பாட்டு நெடுந்தீவு மனுவேலுடையது. பரமலிங்கம் பெருநாளுக்குப் பெருநாள் வந்து அவருக்குப் பெட்டி வாசிக்கிறவர், அவ்வளவுதான்.

எண்பத்தைந்தில் சாட்டிக் கோயில் பெருநாளன்றுதான் மனுவேல் அந்தப் பாட்டை முதன்முதல் பாடினார். தொலைந்துபோன செவலைக் காளைக்கன்றைத் தேடுகிற பாட்டு.

"இடதுகாலை இழுத்துவாற செவலை நாம்பனே
இடியிடிச்சால் என்முதுகில் ஒட்டும் நாம்பனே
கடல்கடந்து போனவுன்னைக் கண்டார் ஆருமோ
கஞ்சி ஆறிப் போகுதெடா, வரவும் மாட்டியோ"

கேட்ட சனம் விக்கி விக்கி அழுதது. அழுது முடிந்ததும், இது நாட்டைப் பற்றிய பாட்டு என்று தங்களுக்குள் தீர்மானித்துக்கொண்டது.

"தம்பி, உது மாட்டுப் பாட்டு. அவரே சொன்னவர்," என்றார் பரமலிங்கம்.

"உங்களுக்கு விளங்கேல்லை அண்ணை. மாடு எப்பிடிக் கடல் தாண்டும்? அப்ப அது மாடில்லை. குறியீடு."

"வள்ளத்திலை ஏத்திக்கொண்டு போய் விக்கிறவங்கள், தம்பி."

குலசிங்கம் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. ஆனாலும் இடுப்பில் ஒரு சாமான் வைத்திருந்தபடியால் ஊர் அவனுக்கு மரியாதை கொடுத்தது. "சனிக்கிழமை புளியங்கூடல் கூட்டத்திலை தாயகம் எண்டு பாடவேணும். இல்லாட்டி அந்தப் பாட்டு இனி எந்த மேடையிலையும் இல்லை. சொல்லிப்போட்டன்."

பரமலிங்கம் வள்ளம் ஏறி நெடுந்தீவுக்குப் போனார். மனுவேல் வீட்டுக்கு அவர் போவது அதுதான் முதல்தடவை. குசினி யன்னலில் சிரட்டையால் மூடிய பால்தேத்தண்ணி ஒன்று இருந்தது. கடற்காற்றில் தொண்டை காய்ந்து வந்தவர் தனக்குத்தான் என்று கையை நீட்டினார்.

"ஐயோ, அது வேண்டாம் தம்பி!" என்று பாய்ந்து வந்தார் மனுவேலின் மனைவி பிலோமினம்மா. "உமக்கு வேறை ஊத்தித் தாறன்."

மனுவேல் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஒரு சொல்லுத்தானே அண்ணை?"

"அந்தச் சொல்லை எடுத்தால், பிறகு ஆர் காணும் இடதுகாலை இழுக்கிறது? தாயகமோ?"

பரமலிங்கம் தனக்கு ஊற்றிய தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார்.

"நாட்டைப் பாடக்கூடாதெண்டு இல்லை. பாடுறவை பாடட்டும். ஆனால் நாட்டைத் தேடி நான் ஒருநாளும் துறைமுகத்திலை காத்து நிண்டதில்லை. இதைத் தேடி நிண்டனான். நிண்டதைத்தான் பாட வரும். மற்றது வாயாலை வரும், இஞ்சையிருந்து வராது." அவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"சரி, ஒரு பேரையெண்டாலும் வையுங்கோவன். பேர் இருந்தால் அது உண்மையான மாடெண்டு பெடியளுக்கு விளங்கும்."

"பேர் சொல்லிப் பாடேலாது. பிலோமினா தாங்கமாட்டாள்."

ஒரு நாம்பனுக்கு இப்படியும் ஒரு குடும்பம் உருகுமா என்று பரமலிங்கம் வியந்தார். திரும்பி வருகையில், வள்ளத்தில் வைத்து அவருக்கு மூளை வேலை செய்தது. மாடு கிடைத்தால் மனுசன்ரை துக்கம் தீரும். துக்கம் தீர்ந்தால் தாயகத்தைப் பாடிவிட்டுப் போகிறார்!

இதைப் போய்க் குலசிங்கத்திடம் சொன்னதுதான் பிழை.

மறுநாளே வேலணையிலும் சாட்டியிலும் புளியங்கூடலிலும் ஒலிபெருக்கி அலறியது. "இடதுகாலை இழுத்து நடக்கும் செவலை நாம்பனைக் கண்டவர்கள் உடனடியாக அறியத் தரவும்!" வெள்ளிக்கிழமை காலை, மூன்று மாடுகளோடு குலசிங்கத்தையும் பரமலிங்கத்தையும் ஏற்றிக்கொண்டு வள்ளம் நெடுந்தீவுக்கு வந்து சேர்ந்தது.

ஒன்று கறுப்பு. "தேய்ச்சுக் குளிப்பாட்டினால் செவலையா வரும்," என்றான் குலசிங்கம்.

மற்றது நொண்டியது, ஆனால் வலதுகால். "மற்றப் பக்கத்திலை நிண்டு பாருங்கோ அண்ணை, இடது."

மூன்றாவது நாம்பனே இல்லை, சினைப்பசு. அதன் சொந்தக்காரி இலட்சுமிப்பிள்ளையும் அதே வள்ளத்தில் தொற்றிக்கொண்டு வந்து கடல் முழுக்கத் திட்டினாள். "கண்டு போடுற மாட்டைப் புரட்சிக்குப் பிடிச்சுக்கொண்டு போறாங்கள்! நாசமாப் போவாங்கள்!"

மனுவேல் கோபிக்கவில்லை. வந்த மாடுகளுக்குத் தண்ணீர் வைத்தார். ஒவ்வொன்றின் நெற்றியையும் தடவினார்.

"இல்லைத் தம்பி. இதுகள் இல்லை," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

குலசிங்கத்துக்குப் பொறுமை போய்விட்டது. "பொழுதுபடமுன்னம் மாடு வரவேணும். இல்லாட்டித் தாயகம் வரவேணும்!"

பரமலிங்கம் மெல்ல நழுவினார். நாலு வளவு தள்ளி மாடு வளர்க்கிற அன்னமுத்துவின் பட்டியில் அசல் செவலை நாம்பன் ஒன்று நின்றது.

"அக்கா, ஒரு சின்ன அலுவல். இதை ஒரு பொழுதுக்குத் தாறியளோ?"

"ஆருக்கு?"

"வந்து சொல்லுறன்."

அன்னமுத்து யோசிப்பதற்குள் கயிறு பரமலிங்கத்தின் கையில் இருந்தது. போகிற வழியில் மாட்டின் இடதுகாலில் சாக்குத்துண்டு ஒன்றை இறுக்கிச் சுற்றினார். நாம்பன் அருமையாக நொண்டியது. அவர் வாழ்க்கையில் இவ்வளவு நேர்த்தியாகச் செய்த வேலை வேறொன்றில்லை.

வாசல் படலையடியில் நின்ற குலசிங்கம் கண்டதும் துள்ளினான். வீட்டைப் பார்த்துக் கத்தினான். "அண்ணை, வந்திட்டான்! காலை இழுத்து இழுத்து வாறான்!"

முதலில் ஓடி வந்தது பிலோமினம்மாதான். செருப்பில்லை, தலைமயிர் அவிழ்ந்து கிடந்தது. கையில் யன்னலில் இருந்த அந்தத் தேத்தண்ணி. ஓடி வந்தவர் நாம்பனைக் கண்டார். அப்படியே நின்றார். தேத்தண்ணி மட்டும் தளும்பிக்கொண்டிருந்தது.

பின்னால் வந்த மனுவேல் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார். குனிந்து மாட்டின் காலிலிருந்த சாக்கை அவிழ்த்தார். அது நேராக நின்றது. பிறகு மனைவியின் கையிலிருந்ததை மெல்ல வாங்கி நிலத்தில் வைத்துவிட்டு, அவர் தோளைப் பிடித்தபடி பாடத் தொடங்கினார். பெட்டியும் இல்லை, தாளமும் இல்லை. அதே பாட்டு. ஒரு சொல்லும் மாறவில்லை. கஞ்சி ஆறுகிற இடம் வந்தபோது பிலோமினம்மாவின் குரலும் சேர்ந்துகொண்டது.

குலசிங்கத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "அதுதான் மாடு வந்திட்டுதே! இனி ஏன் அழுகினம்?"

தன் நாம்பனைத் தேடிக்கொண்டு அப்போதுதான் வந்து சேர்ந்த அன்னமுத்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"அந்த வீட்டிலை எப்ப தம்பி மாடு நிண்டது? காலை இழுத்து இழுத்து என்னட்டைப் பால் வாங்க வாறவன் அவையின்ரை மகன் அம்புறோஸ். எண்பத்திமூண்டுக் கலவரத்தோடை கொழும்பிலை காணாமல் போனவன்."