முதற் பிரதி பெற்ற சூனியக்காரி

நான் ஒரு நாவல் எழுதியவன். அதன் கதையை ஒரு சம்பவம் விடாமல் கவனமாகக் கேட்டு முடித்த ஆள் இதுவரை ஒருவர்தான். அவருக்குத் தமிழ் தெரியாது. வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு நடந்தவற்றில் வெட்கம் குறைந்த பகுதி இதுதான் என்பதால் இதிலிருந்து தொடங்குகிறேன்.

ஜெர்மன் நகரமான ஹனோவரில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் எனக்கு வேலை. பகல் முழுக்க உப்புக் குறைத்து உருளைக்கிழங்கு அவிப்பேன். பின்னேரம் வீட்டுக்கு வந்து ‘நிசிவேந்தன்’ என்ற பெயரில் பேய்க்கதை எழுதுவேன். (நிசிவேந்தன் எட்டரைக்கே குறட்டை விடுகிறவர் என்பது என் மனைவி வதனி ஊரெல்லாம் பரப்பிய தகவல்.) இணையத்தில் என் கதைகளை வாசித்துப் பதினொரு பேர் பயந்துபோனதாக எழுதியிருந்தார்கள். அதில் நாலு பேர் என் சொந்தக்காரர். அந்தத் துணிச்சலில் நாவலில் இறங்கினேன்.

அமானுஷ்ய நாவலுக்கு ஒரு பேயாவது வேண்டும். யாழ்ப்பாணத்தில் முனி இருக்கிறது, கொத்திப் பேய் இருக்கிறது, சுடலைப் பக்கம் போனால் இன்னும் என்னென்னவோ இருக்கின்றன. இங்கே சுடலையே பூங்கா மாதிரி. ஆட்கள் பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு உலாவுகிறார்கள். நம்முடைய பேய்களுக்கு விசா கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே உள்ளூர்ச் சரக்குத் தேடினேன். நெடுந்தூரம் போகவில்லை, எங்கள் தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

நகரத்தின் ஓரத்தில் எங்களுக்கு ஒரு வாடகைத் தோட்டம் இருக்கிறது. வதனி அதில் வெண்டியும் கத்தரியும் போடுவாள். வெண்டி பெரும்பாலும் குளிரில் செத்துவிடும். பக்கத்துத் துண்டு பிர்கிட்டுடையது. அறுபதை நெருங்கிய பெண், தபால் தரம்பிரிக்கும் இடத்தில் வேலை. முதியோர் பராமரிப்பில் வதனிக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி கிடைக்க விண்ணப்பம் எழுதித் தந்தவர் அவர்தான். அலுவலகங்களிலிருந்து வருகிற கடிதங்களையும் கத்தரிச் செடிக்குப் பக்கத்தில் நின்றே வாசித்து விளக்குவார். இந்த நாட்டில் “எப்படி இருக்கிறீர்கள்” என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்கவும் நின்ற முதல் ஆள் அவர்.

பிர்கிட் தேவாலயத்துக்குப் போவதில்லை. கிறிஸ்தவம் வருவதற்கு முந்திய பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவர். வருடத்துக்கு எட்டு நாள் அவருக்கு விசேஷம்: வெயில் ஏறும் நாள், இறங்கும் நாள், அறுவடை நாள், செத்தவர்களின் நாள் என்று போகும். தோட்ட மூலையில் ஒரு ஹோலுண்டர் மரம், வெள்ளைப் பூவும் கறுத்தப் பழமும் கொத்துக் கொத்தாய் வருவது. அந்த நாட்களில் அதனடியில் மெழுகுதிரி கொளுத்தி, ஒரு கிண்ணம் பாலும் ஒரு துண்டு கோதுமைப் பாணும் வைப்பார். நவம்பர் தொடக்கத்தில், செத்தவர்களின் நாளில் மட்டும், அவற்றோடு ஒரு சோடி சிவப்பு இறப்பர் சப்பாத்தும் வைப்பார். என் கையை விரித்தால் அந்த நீளம்தான் இருக்கும்.

எழுத்தாளன் அல்லவா, பேட்டி எடுக்க வேலியடிக்குப் போனேன்.

“மந்திரம் செய்வீர்களா?” என்று கேட்டேன்.

“ரோஸ்மேரி கொளுத்திப் புகை போடுவேன். வீட்டுக்கு நல்லது.”

“யாருக்காவது சாபம் போட்டதுண்டா?”

“என்னுடைய மேலாளருக்குப் போடலாமா என்று ஒருமுறை யோசித்தேன். பிறகு தொழிற்சங்கத்துக்குக் கடிதம் எழுதினேன்.”

“இரத்தம், பலி, அப்படி ஏதாவது?”

“நான் முட்டையே சாப்பிடுவதில்லையே” என்றார். சிரித்துவிட்டு, தங்கள் வழியில் பிசாசு என்று ஒருவர் இல்லை என்றும், பெரும்பாலும் துப்புரவாக்குவதும் நன்றி சொல்வதும்தான் வேலை என்றும் சொன்னார்.

எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. தொழிற்சங்கத்துக்குக் கடிதம் எழுதுகிற சூனியக்காரியை வைத்துப் பதினெட்டு அத்தியாயம் ஓட்ட முடியுமா? எல்லாம் கேட்ட நான் அந்தச் சப்பாத்தைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. மறந்துபோய் அல்ல. கேட்டால் சொல்லிவிடுவார், சொன்னால் மர்மம் கெட்டுவிடும் என்று பயந்து கேட்கவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதே வருடம் நூலகத்தில் ஒரு ஜெர்மன் பேய் நாவல் எடுத்து வாசித்தேன். அதில் கறுத்த நிறத்தில், நாக்கை நீட்டிய ஒரு கிழக்கத்தியப் பெண் தெய்வம். அதற்கு மனிதரை வெட்டிப் படைக்கிற ஒரு கூட்டம். இரண்டு கிழமை கொதித்துக்கொண்டு திரிந்தேன். “எங்கட சாமியை இவை காட்டுமிராண்டி எண்டு நினைச்சினமோ?” என்று உருளைக்கிழங்கிடமும் கேட்டேன். அப்பாவின் திதிக்கு பல்கனியில் காகத்துக்குச் சோறு வைக்கிறவன் நான். அப்படிக் கொதித்த கையோடு உட்கார்ந்து எழுதியதுதான் ‘இரத்தம் குடிக்கும் ஹோலுண்டர்’. பிரிகிட்டா என்ற சூனியக்காரி (பெயரை மாற்றிவிட்டதாகத்தான் அப்போது நம்பினேன்) பிள்ளைகளைப் பாலும் பாணும் காட்டிக் கூப்பிட்டுக் கொன்று, ஒவ்வொரு நவம்பரும் அவர்களின் சிவப்புச் சப்பாத்தைத் தன் தெய்வத்துக்குப் படைக்கிறாள்.

புத்தகம் அச்சாகி வந்ததும் வெளியீட்டு விழா வைத்தோம். முதற் பிரதியை பிர்கிட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று நான் சொன்னபோது வதனிக்கு மெத்தச் சந்தோசம்.

“நல்ல வேலை செய்யிறியள். எங்களுக்கு எவ்வளவு செய்த மனுசி” என்றாள்.

எனக்கும் நன்றி இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முன்வரிசையில் ஒரு ஜெர்மன்காரி இருந்தால் விழாவுக்கு ஒரு களை வரும் என்பதே என் கணக்கு. தமிழ் தெரியாத மனுசிக்கு நாவல் எப்படி விளங்கப் போகிறது?

விழா ஒரு செப்டெம்பர் ஞாயிறு பின்னேரம், வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் நடந்தது. எண்பது கதிரை, நாற்பது பேர். பிர்கிட் நீலச் சட்டை போட்டு, அப்பிள் கேக் செய்து கொண்டுவந்திருந்தார். குத்துவிளக்கின் ஒரு திரியை அவரையே ஏற்றச் சொன்னோம். அவர் ஏற்றிவிட்டு, யாரும் சொல்லாமலே கைகூப்பிக் கும்பிட்டார். நான் மேடையில் போய் உட்கார்ந்தேன். கீழே பிர்கிட்டுக்குப் பக்கத்தில் வதனி இருந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது நயவுரை. எங்கள் விழாக்களில் நயவுரை என்றால் கதையை முதலிலிருந்து கடைசிவரை சொல்லிவிடுவது. பிறகு யாரும் காசு கொடுத்து வாங்கி வாசிக்கத் தேவையில்லை. பேச வந்தவர் எங்கள் தமிழ்ப் பாடசாலையின் பரமு மாஸ்டர். நாவலை உண்மையாகவே வாசித்திருந்தார். அப்படி ஒரு கொடுமை நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“தோட்டத்து மூலையில ஒரு மரம். அதுக்குக் கீழ பாலும் பாணும் வைக்கிறாள் ஒரு கிழவி” என்று மாஸ்டர் தொடங்கினார். வதனி குனிந்து பிர்கிட்டின் காதில் சொன்னாள். பிர்கிட் புன்னகைத்தார். தன் மரம் கதையில் வந்திருக்கிறது என்ற சந்தோசம் முகத்தில் தெரிந்தது.

அப்போதுதான் வதனியும் நாவலை வாசித்ததில்லை என்பது ஞாபகம் வந்தது. எழுதுகிற காலத்தில் ஒவ்வோர் அத்தியாயமாக வாசித்துக் காட்டினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டு “ம்” போட்டாள். அந்த “ம்” எல்லாவற்றையும் நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். கதையை அவளும் இன்றைக்குத்தான் முதல்முறை கேட்கிறாள்.

ஒரு துண்டுக் காகிதத்தில் ‘சுருக்கவும்’ என்று எழுதி மாஸ்டருக்கு நீட்டினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மைக்கிலேயே பதில் சொன்னார்.

“எழுத்தாளர் சுருக்கச் சொல்லிக் கேக்கிறார். அவருக்குத் தன்னடக்கம் கூட. பொறுங்கோ, நல்ல இடம் இப்பத்தான் வருகுது.”

சனம் கைதட்டியது. நல்ல இடம் வந்தது. கிழவி பிள்ளைகளை எப்படிக் கூப்பிடுகிறாள், எப்படிக் கழுத்தை நெரிக்கிறாள் என்று மாஸ்டர் கையால் செய்தும் காட்டினார். பிறகு சிவப்புச் சப்பாத்துக்கு வந்தார். வதனி அதைச் சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் எத்தனையோ பார்வை வாங்கியிருக்கிறேன், அது வேறு. நான் கண்ணாலே கெஞ்சினேன், விடு, வேறு ஏதாவது சொல் என்று.

பிர்கிட் அவள் கையைப் பிடித்து ஒரு சொல் சொன்னார். மேடையிலிருந்தே வாயசைவில் விளங்கியது. “வைற்றர்.” தொடர்ந்து சொல் என்று அர்த்தம்.

வதனிக்குப் பொய் சொல்ல வராது. கடைசி வரைக்கும் சொன்னாள்.

முதற் பிரதி பெற அழைத்தபோது பிர்கிட் எழுந்து வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். பொன்னாடையைப் போர்த்தினேன், அது ஒரு தோளில் நிற்கவில்லை. புத்தகத்தை வாங்கினார். இரண்டு வசனம் பேசலாமா என்று கேட்டார். வதனி மேடைக்கு வந்து மைக்கைப் பிடித்தாள். பிர்கிட் ஒவ்வொரு வசனமாக, கடிதம் வாசித்து விளக்குகிற அதே குரலில் சொன்னார். வதனி தமிழில் சொன்னாள்.

“இந்தக் கதையில வாற சப்பாத்து என்ர மகளின்ர.”

“அவவின்ர பேர் லேனா. நாலு வயசு.”

“நான் அவவைக் கொல்லேல்லை. இருதயத்தில ஓட்டை இருந்தது.”

“பாலும் பாணும் அவவுக்குத்தான் வைக்கிறனான். அவவுக்கு விருப்பம்.”

எங்கள் அறிவிப்பாளர் முப்பது வருடமாக எல்லா மேடையிலும் சொல்லிவருகிற வசனம் ஒன்று உண்டு. அவர் பாவம், கேக் வெட்டுகிற இடத்தில் நின்றதால் ஒன்றும் கேட்கவில்லை. ஓடிவந்து மைக்கை வாங்கி, “சுருக்கமாகவும் சுவையாகவும் உரையாற்றிய அம்மையாருக்கு எங்கள் நன்றிகள்” என்றார். நாற்பது பேரும் கைதட்டினார்கள். பழக்கம். நானும் தட்டினேன். படம் பிடித்தவர், “அண்ணை, கொஞ்சம் சிரியுங்கோ” என்றார். அந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

இது நடந்து ஏழு வருடம். மிச்சப் பிரதிகள் நிலவறையில் பெட்டியோடு கிடக்கின்றன. நிசிவேந்தன் அதன் பிறகு ஒரு வரி எழுதவில்லை. ஆனால் “வைற்றர்” எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. தன் பிழையைச் சொல்லவந்து பாதியில் யார் நிறுத்தினாலும் மற்றவர்கள் “வைற்றர்!” என்று கத்துவோம். மகள் பரீட்சையில் கோட்டைவிட்டதைச் சொன்னபோது கத்தினோம். மருமகன் வாகனத்தைத் தூணில் இடித்ததைச் சொன்னபோது கத்தினோம். கலியாணவீடுகளில் இந்தக் கதையைச் சொல்லச் சொல்லி என்னைக் கேட்பார்கள். நானும் துண்டுக் காகிதம், கழுத்து நெரிப்பு, கைதட்டல் எல்லாவற்றையும் நடித்தே காட்டுவேன். கைதட்டலோடு நிறுத்திவிடுவேன். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். வதனி மட்டும் தட்டத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாக, “வைற்றர்” என்பாள்.

அவள் கேட்பது விழா நடந்த வருடத்து நவம்பரை. செத்தவர்களின் நாளன்று மன்னிப்புக் கேட்பதற்காக, முதல்முறையாக வேலியால் எட்டிப் பார்க்காமல் வாசலால் பிர்கிட்டின் தோட்டத்துக்குப் போனேன். திரும்பி வந்தபோது வதனி கதவடியிலேயே நின்றாள்.

“என்ன சொன்னவ?”

“கோவமில்லையாம்.”

“வைற்றர்.”

“அவ்வளவுதான்” என்றேன். அடுத்த வசந்தத்தில் பிர்கிட் தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஏன் என்று வதனி என்னை எத்தனையோ தடவை கேட்டாள். தெரியாது என்றே சொல்லிவந்தேன். அவளிடம் வாயால் சொல்ல எனக்கு ஏலாது. இதை அவள் வாசிப்பாள், அதனால் இங்கே எழுதுகிறேன்.

மரத்தடியில் அன்றைக்கு ஒன்றும் இல்லை. மெழுகுதிரி இல்லை, பால் இல்லை. பிர்கிட் ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். நான் மனப்பாடம் செய்து போன மன்னிப்பை முழுவதும் சொல்லவிட்டார். பிறகு சொன்னார்:

“உங்களில் எனக்குக் கோபம் இல்லை. காலையில் சப்பாத்தை வைக்கக் குனிந்தேன். உங்கள் புத்தகத்தில் வருகிற அந்தக் கிழவி குனிகிற மாதிரி இருந்தது. நான் வைக்கவில்லை.”