ஆணி அடிக்காத வீடு

விருத்தாசலம்,
ஞாயிறு காலை.

மதிப்பிற்குரிய ஹவுஸ் ஓனர் சக்கரபாணி ஐயா அவர்களுக்கு,

தங்கள் வீட்டின் கீழ்ப் போர்ஷனில் குடியிருக்கும் மாயவன் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் வீட்டுக்காரி வளர்மதி, ப்ளஸ் டூ படிக்கும் மகள் காவியா மூவரும் தங்கள் தயவில் சௌக்கியம். சென்னையில் மகன் வீட்டில் தங்களுக்கு முழங்கால் வலி தேவலையா, அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கியதா என்று தெரிவிக்கவும். போனிலேயே கேட்டிருப்பேன். "எதுவா இருந்தாலும் எழுத்துல குடு மாயவா, வாய்ப்பேச்சு செல்லாது" என்று தாங்கள் சொல்லியிருப்பதால் காவியாவின் நோட்டில் தாள் கிழித்து உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று புரோக்கர் ராஜ்மோகன் வந்து, மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று தாங்கள் சொன்னதாகச் சொன்னார். பேங்க்கில் வேலை பார்க்கும் ஒரு தம்பதி போட்டோவில் வீட்டைப் பார்த்தார்களாம், பார்த்ததுமே பிடித்துப்போய்விட்டதாம், இன்று சாயங்காலம் நேரிலும் வருகிறார்களாம். ஐயா, மகளுக்குப் பரீட்சை வருகிற நேரத்தில் மூட்டை முடிச்சோடு நாங்கள் எங்கே போவோம்? அது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் போட்டோவில் இருப்பது தங்கள் வீடே இல்லை. கோபப்படாமல் முழுக்கப் படியுங்கள்.

குடிவந்த அன்றைக்கே தாங்கள் சுவரைத் தடவிக் காட்டி, "செவுத்துல ஒரு ஆணி அடிக்கக் கூடாது, காலண்டருக்குக் கூட" என்றீர்கள். அன்றிலிருந்து எங்கள் காலண்டர் பீரோ கைப்பிடியில்தான் தொங்குகிறது. தேதி கிழிக்கும்போதெல்லாம் பீரோ திறந்து என் ஜட்டி பனியன் எல்லாம் வெளியே எட்டிப்பார்க்கும், வந்தவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ஹாலில் மேற்குச் சுவரில் ஓதம் ஏறி, மழைக்கு மழை வளர்ந்து, சுண்ணாம்பு பொரிந்து கொட்டிக்கொண்டிருந்தது தங்களுக்கே தெரியும். "வர்ற பொங்கலுக்குப் பூசிடலாம்" என்று தாங்களும் பொங்கல் தவறாமல் சொல்லி வந்திருக்கிறீர்கள். இப்படி இருக்கும்போது வளர்மதி ஒரு நாள் மொபைலில் ஒரு வீடியோ பார்த்தாள். பழைய புடவையில் திரை தைத்து வீட்டை அழகாக்குகிறாள் ஒருத்தி. முதல் வேலையே டிரில்லிங் மெஷினால் சுவரில் ஓட்டை போடுவது! "அவளுக்குச் சொந்த வூடு. நாம வேற வழி பாப்பம்" என்றாள் வளர்மதி. கல்யாணத்துக்கு வந்த தையல் மெஷின்மேல்தான் இத்தனை வருஷமாக டி.வி. வைத்திருந்தோம். டி.வி. தரைக்கு இறங்கிற்று, மெஷினுக்கு எண்ணெய் விட்டாயிற்று, அதன் சத்தத்தில் எனக்கும் அன்றோடு சீரியல் போயிற்று.

ஜன்னல் கம்பிக்கும் வாசற்கதவுக்கு மேலே இருக்கும் வென்டிலேட்டர் கம்பிக்கும் கொடிக்கயிறு இழுத்துக் கட்டி முதல் திரையைத் தொங்கவிட்டாள். அந்த நேரம் பார்த்து ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து என் அக்கா வீட்டுக்காரர் திருமால் அத்தான் வந்து ஃபேனடியில் உட்கார்ந்து டீ குடிக்கிறார். ஃபேன் காற்றுக்குத் திரை எழும்பியது, அத்தானின் தலையை டம்ளரோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டது. "யார்றா அவன், பின்னாலேர்ந்து மூடுறவன்!" என்று உள்ளேயிருந்து கத்துகிறார், டீ மூக்கில் ஏறிவிட்டது, நான் திரையை இழுக்க, கயிறு அறுந்து இரண்டு பேரும் தரையில். இதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் அத்தானுக்கு ஈரத் துண்டு கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "கீழ கனம் இல்ல, அதான். ஒங்க கம்பெனில கழிச்சுப் போடுற பீங்கான் மணி இருக்குதுல்ல?" என்றாள். நான் பேக்கிங்கில் இருக்கும் பீங்கான் கம்பெனியில், இஸ்திரிப் பெட்டி வயருக்குப் போடும் ஓட்டை மணிகள் சூளையில் கோணிப்போனால் குப்பையில்தான் கொட்டுவார்கள். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டே ஒரு பை அள்ளி வந்தேன். திரையின் கீழ் ஓரத்தில் அவற்றை வரிசையாக வைத்துத் தைத்தாள் பாருங்கள், யம்மாடி! இடப்பக்கம் கோணியது ஒன்று வலப்பக்கம் கோணியது ஒன்றாக, பட்டுப்புடவைக்குக்கூட அப்படி பார்டர் வராது. ஃபேன் போட்டால் கிணுகிணுவென்று சத்தம். எதிர்வீட்டு வீராயி அக்கா பூஜை மணி என்று நினைத்துத் தெருவில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அடுத்து திண்டு. அரிசிப் பையைப் புரட்டித் தைத்து, பழந்துணி அடைத்து, மேலே வேட்டிக் கரையை வைத்து ஐந்து திண்டு செய்தாள். என்னுடைய காபிக் கலர் பேண்டைத் தேடித் தேடி வேலைக்கு லேட்டாகப் போனேன், சாயங்காலம் பார்த்தால் அதன்மேலேயே உட்கார்ந்திருக்கிறேன். பேண்டு போனால் போகிறது, கூடப் போன சட்டைப் பையில் என் ஆதார் கார்டு! ஐந்தையும் பிரிக்கவேண்டியதுதான் என்று நான் கத்தரிக்கோலை எடுத்தால், கையைத் தட்டிவிட்டு ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, மூன்றாவதில் ஒரு மூலையில் நாலு தையல் மட்டும் பிரித்து, இரண்டு விரலை விட்டு கார்டை எடுத்து என் கையில் வைத்தாள். "எப்படிடீ தெரிஞ்சுது?" என்றேன். "நான் அடைச்சது எனக்குத் தெரியாதா?" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். நான் கார்டில் இருக்கும் என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

இதெல்லாம் ஒன்றுமே இல்லை ஐயா. ஓதச் சுவரை மறைக்க அவள் செய்தது இருக்கிறதே, அதைச் சொல்ல எனக்கு எழுத்து போதாது. பாலக்கரையில் இருக்கும் டெய்லர் கடைகளில் பிளவுஸ் வெட்டி மிச்சமான துண்டுகளை மூட்டையாக வாங்கி வந்து, ஹாலையே அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குழம்பில் நூல், தலையணையில் நூல், ஒரு நாள் என் வாயிலிருந்து பச்சை நூல் இழுத்தேன். திட்டலாம் என்றுதான் எழுந்தேன். பார்த்தால் தரையில் நம்ம ஊர் கிடக்கிறது! பழமலைநாதர் கோபுரம் மாம்பழக் கலர் லைனிங் துணியில், ஜங்ஷனில் ரயில் நிற்கிறது, என் கம்பெனியின் புகைபோக்கி, பஸ் ஸ்டாண்டில் குடை பிடித்த ஒரு பொம்பளை. மணிமுக்தாறு மட்டும் கரை புரள நீலமாக ஓடுகிறது. "அதுல ஏதுடீ தண்ணி?" என்றேன். "நெசத்துல இல்லன்னா துணியில கூடவா இருக்கக் கூடாது?" என்றாள். கட்டிய நாளாக இவளோடு ஒரே வீட்டில் இருக்கிறேன், இவளுக்குள் இப்படி ஒரு ஊரே இருப்பது எனக்குத் தெரியவில்லையே! அதை அவள் கயிற்றில் தொங்கவிட்டபோது, கோயிலில் திரை விலகினால் நிற்பதுபோல் நான் கைகட்டி நின்றேன். வீராயி அக்கா கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தன் சொந்தக்காரர்களை எல்லாம் கூட்டிவந்து காட்டுகிறார்கள். வந்தவர்கள் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, சத்தம் போடாமல் பேசுகிறார்கள்.

தையல் மெஷின் சத்தத்தை மாடிப் போர்ஷன்காரர்கள் டிரில்லிங் என்று நினைத்துத் தங்களுக்குப் போன் போட்டதும், தாங்கள் ஆணி தேட ராஜ்மோகனை அனுப்பியதும் இந்தச் சமயத்தில்தான். அவர் டார்ச் அடித்து ஒவ்வொரு துணியாகத் தூக்கிப் பார்த்தார். ஒரு ஆணி இல்லை. "என்னா மாயவண்ணே, வூடு மாரியே இல்ல, கல்யாண மண்டபம் மாரி இருக்குது" என்று உட்கார்ந்து டீ குடித்து, வளைத்து வளைத்து போட்டோ எடுத்தார். நானும் பெருமையில் லைட்டை எல்லாம் போட்டுக் காட்டினேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். அந்தப் போட்டோதான் பேங்க்காரர்களுக்குப் போயிருக்கிறது.

ஆகையால் ஐயா, தங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். அவர்களுக்குப் பிடித்திருப்பது என் வளர்மதியின் கைவேலை. அதற்காக எங்களையே வெளியே அனுப்புவது நியாயமா? பரீட்சை முடியும்வரையாவது இருக்கவிடுங்கள். அம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். பேரக்குழந்தைகளுக்கு ஆசிகள். தங்கள் முழங்கால் குணமாகி நடந்தே வந்து தரிசனம் செய்ய பழமலைநாதர் அருளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள குடித்தனக்காரன்,
மாயவன்.

பின்குறிப்பு (ஞாயிறு சாயங்காலம்): மேலே கெஞ்சிக் கேட்டதை எல்லாம் தயவுசெய்து மறந்துவிடவும். உறையை ஒட்டுவதற்குள், வேர்த்துப்போய் என்ன எழுதுகிறேன் என்று வளர்மதி பிடுங்கிப் படித்துவிட்டாள். "அவங்களுக்குப் புடிச்சது வூடா, என் துணியா? வந்து பாத்துட்டே சொல்லட்டும்" என்று கயிற்றை அவிழ்த்தாள். ஒரு டீ ஆறும் நேரத்தில் எல்லாம் ஒரே மூட்டை. ஹால் என்னைப் பார்த்து இளித்தது. சாயங்காலம் ராஜ்மோகன் பேங்க் தம்பதியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தம்மா மொபைலைப் பார்த்தார்கள், ஓதச் சுவரைப் பார்த்தார்கள், "ஏங்க, வூடு மாறி வந்துட்டமா?" என்று கேட்டார்கள். சுவர் அந்த நேரத்தில் ஒரு பிடி சுண்ணாம்பை உதிர்த்துப் பதில் சொன்னது. டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். அப்படியென்றால் இங்கேயே இருந்துவிடலாம் என்று நான் குதித்தேன். "ஒவ்வொரு வாட்டியும் ஒருத்தர் வருவாங்க, ஒவ்வொரு வாட்டியும் அவுக்கணுமா? வேணாங்க" என்றாள். வீராயி அக்கா தன் மாடியைத் தருகிறார்கள். அதே தெருதான், காவியாவின் படிப்புக்கும் தொந்தரவு இல்லை. ஒன்றாம் தேதி சாவி ராஜ்மோகனிடம் இருக்கும்.

இன்னொன்று. கடிதத்தில் நான் ஆற்றைப் பற்றி எழுதிய இடத்தை வளர்மதி திரும்பத் திரும்பப் படித்தாள். "இதுல ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கீங்களா?" என்றாள். "ஓனருக்கு எதுக்குங்க இது, என்னியப் பத்தித்தான எழுதியிருக்கீங்க" என்று அசலைத் தன் மெஷின் டிராயரில் வைத்துப் பூட்டிக்கொண்டாள். ஆகவே தங்களுக்கு வருவது ஜெராக்ஸ்.