பாறையும் ஆடியது

பாறை மறுபடியும் ஆடியிருந்தது.

கடற்கரையில் நின்ற கணக்கர் கேமராவின் சின்னத் திரையைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். தண்ணீர் அவர் ஆசைப்பட்டபடியே புகையாகக் குழைந்திருந்தது. ஆனால் யானை அளவுக் கல்லும் அதோடு கூடச் சேர்ந்து குழைந்து கிடந்தது.

"என்னங்க, பாறை எப்படிங்க ஆடும்?" என்றாள் மனைவி.

"பாறை ஆடலை. ஸ்டாண்டு ஆடியிருக்கு."

"அதுக்கு ஏன் என்னை முறைக்கிறீங்க? நானா ஆட்டினேன்?"

எல்லாம் சகலையால் வந்த வினை. மச்சினன் நாளைக் காலை மூக்குக்கண்ணாடிக் கடை திறக்கிறான். போன வாரம் விருந்தில், கடை வாசலுக்கு எதிர்ச்சுவரில் பெரிதாக ஒரு படம் மாட்ட வேண்டும் என்றான். சொல்லி வாய் மூடுவதற்குள் சகலை தான் எடுத்த கடற்பறவைப் படத்தை நீட்டினார். பறவையின் அலகிலிருந்த மீனின் செதிலைக்கூட எண்ணலாம். சாப்பாட்டு மேசையே வாயைப் பிளந்தது. கணக்கருக்கு மட்டும் வயிறு எரிந்தது.

"இதெல்லாம் ஒரு படமா? கடலைக் கட்டிப்போட்டு எடுத்த மாதிரி இருக்கு. கடல்னா அசையணும். நான் எடுத்துக் காட்டறேன்" என்று வாயை விட்டுவிட்டார்.

"ரெண்டு பேரும் கொண்டாங்க அத்தான். எது தேறுதோ அது சுவத்துக்கு" என்றான் மச்சினன்.

இனிமேல் சொந்தபந்தத்துக்கு நடுவே தலைநிமிர்ந்து நடப்பதா, சகலையின் பறவைக்குக் கீழே உட்கார்ந்து காப்பி குடிப்பதா என்பது இன்றைய சாயங்காலத்தில் இருந்தது.

வித்தை என்னவோ சுலபந்தான். லென்ஸில் கறுப்பு ஃபில்டரை மாட்டி, மூச்சடக்கும் நேரத்துக்கு ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டும். அசைகிற அலை பனிமூட்டமாகிவிடும். அசையாத பாறை அப்படியே நிற்கும். கேமரா மட்டும் அசையக் கூடாது.

"நடுவில நீ குறுக்கே போனியே, படத்தில இருக்கியா பாரு" என்று அவர் மனைவிக்குப் பாடம் எடுத்தார். "ஓடிக்கிட்டே இருக்கிறது எதுவும் இதில விழாது."

"இதைச் சொல்ல ஒரு கேமரா வேற வேணுமா? கல்யாணம் ஆனதிலேர்ந்து உங்க வீட்டில நான் அப்படித்தானே இருக்கேன். உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாத உங்க அண்ணன்தான் பளிச்சுன்னு தெரிவாரு."

கணக்கர் அதைக் காதில் வாங்காமல் ஸ்டாண்டின் காலை ஆராய்ந்தார். ஈர மணலில் ஒரு கால் மெல்லப் புதைந்துகொண்டிருந்தது. தட்டையாக ஏதாவது அடியில் கொடுத்தால் நிற்கும்.

"உன் செருப்பைக் கழட்டு."

"புதுசுங்க!"

"கலைக்காகக் கேக்கறேன்."

செருப்புகள் ஸ்டாண்டின் காலுக்கடியில் போயின. அடுத்த அலை ஒன்றை இழுத்துக்கொண்டு போனது. ஸ்டாண்டு இப்போது தெளிவாகவே ஒரு பக்கம் சாய்ந்தது.

அவர் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு தட்டைக் கல் ஒன்றின்மேல் ஏறினார். ஒற்றைச் செருப்போடு மனைவி நொண்டிக்கொண்டே பின்னால் வந்தாள். கல்லின்மேல் மணல் இல்லை. காற்றுதான் இருந்தது. ஸ்டாண்டின் நடுக்கொக்கியில் கனமாக எதையாவது தொங்கவிட்டால் காற்றுக்கு அசையாது.

"உன் கைப்பையைக் கொடு."

"அதையும் கடலுக்குக் கொடுக்கப் போறீங்களா?"

பை தொங்கியது. ஸ்டாண்டு தூணாக நின்றது. கணக்கர் ஷட்டரைத் திறந்து மூச்சைப் பிடித்தார். அந்த நேரம் பார்த்துப் பைக்குள் கைப்பேசி உறுமியது. பை நடுங்க, ஸ்டாண்டு நடுங்க, பாறைக்குக் குளிர்ஜுரமே வந்துவிட்டது.

"அக்காதான்" என்றாள் மனைவி, எடுத்துப் பேசிவிட்டு. "எங்கே இருக்கோம்னு கேட்டா, சொன்னேன். அத்தான் நமக்கு ஒத்தாசைக்கு வர்றாராம்."

"அடிப்பாவி!"

கணக்கர் கோபத்தில் கெட்டுப்போன படங்களை எல்லாம் அழித்துத் தள்ளினார். கடைசிப் படத்தை அழிக்கும்போது சகலை பெரிய குடையோடு வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"என்ன சகலை, கடல்னு சொன்னீங்க, பால் பொங்கின மாதிரில்ல இருக்கு?"

"அதுதான் அசைவு. உங்களுக்குப் புரியாது."

"சரி, சரி. காத்துத்தானே தொல்லை? நான் மறைச்சுப் பிடிக்கறேன், நீங்க எடுங்க."

வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. வேறு வழியில்லை. சகலை குடையை விரித்தார். கணக்கர் ஷட்டரைத் திறந்தார். காற்று குடைக்குள் புகுந்தது. குடை சகலையை இழுத்தது. சகலை, கணக்கரின் மனைவி தோளைப் பிடித்தார். அவள் ஸ்டாண்டைப் பிடித்தாள். ஸ்டாண்டுக்குப் பிடிக்க யாருமில்லை. கணக்கர் பாய்ந்து கேமராவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி, கல்லிலிருந்து வழுக்கி இடுப்பளவுத் தண்ணீரில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். ஷட்டர் அப்போதுதான் நிதானமாக மூடியது.

அந்த ஒரு படந்தான் மிச்சம். அதில் பாறையும் இல்லை, கடலும் இல்லை, வானமும் இல்லை. சாம்பலும் நீலமுமாக என்னவோ கரைந்து ஓடியது.

பெரிதாக அச்சுப்போட்டுக் கொடுத்த ஸ்டுடியோக்காரர், "சார், இதில எந்தப் பக்கம் மேலே?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"நான் போகலை. தலைவலின்னு சொல்லிடு" என்றார் கணக்கர் காலையில்.

"வாயை விட்டாச்சு, இப்போ தலையை வலிக்குதா? என் செருப்பு போனதுக்காவது வாங்க."

கடையில் சகலையின் பறவை சட்டம் போட்டுத் தயாராக இருந்தது. கணக்கர் தன் படத்தைத் திருட்டுச் சாமான் மாதிரி பிரித்தார். சகலை இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார்.

மச்சினன் பறவையைப் பார்த்தான். கரைசலைப் பார்த்தான். நாலடி பின்னால் போய் மறுபடி பார்த்தான். கண்ணைச் சுருக்கினான்.

"அத்தான், இதுதான்! இதுதான் எனக்கு வேணும்!"

சகலையின் முகம் தொங்கியது. மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அக்காவைத் தேடினாள். கணக்கருக்கோ கால் தரையில் பாவவில்லை. "அசைவு சகலை, அசைவு! செதில் எண்ணறதுக்கு மீன் கடை இருக்கு" என்று போகிற போக்கில் ஒரு குத்து விட்டார்.

மத்தியானம்வரை அவர் படத்தை விட்டு நகரவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் அதன்முன் நின்றார்கள். ஒரு பெரியவர் கிட்டப் போய்ப் பார்த்தார், எட்டப் போய்ப் பார்த்தார், துண்டால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டார். கணக்கர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். ஒரு படம் மனுஷனை அழவைக்க முடியுமா! பெரியவரின் கையைப் பிடித்து நாலு வார்த்தை பேசலாம் என்று முன்னால் போனார்.

அதற்குள் கல்லாவில் இருந்த பெண் எட்டிப் பார்த்து, "ஐயா, படத்தை மறைக்காதீங்க" என்றாள். "அதைப் பார்த்துக் கண்ணைக் கசக்கறவங்களைத்தான் நான் உள்ளே கண் பரிசோதனைக்கு அனுப்பணும். அந்தப் பறவைப் படத்தில எல்லாருக்கும் எல்லாமே தெரிஞ்சு தொலைக்குதுன்னுதான் முதலாளி வேணாம்னுட்டாரு."