இஸ்திரி போடும் பென்குவின்

"கொஞ்சம் லேட்!" என்றது பென்குவின்.

கருகிப்போன சட்டையைத் தூக்கிக் காட்டி, பெற்ற பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்டதைப் போல அவரைப் பார்த்தது.

சோபாவில் உட்கார்ந்து அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டவர் சாமானியர் இல்லை. டிரம்ஸ் வாசிப்பதே அவர் தொழில். இசைக்குழுவில் எல்லோருக்கும் அவர் 'தாளம் அண்ணன்'. குழுவை ஆரம்பித்தவர் அவர். டிரம்ஸ் அவருடையது, ஸ்பீக்கர் அவருடையது, எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போகிற வேனும் அவருடையது. அதனால் அவர் வாசிப்பைப் பற்றி இதுவரை யாரும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

முதன்முதலாகச் சொன்னது இந்தப் பென்குவின்தான்.

பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் அவர் மனைவி, பஸ்ஸில் பொழுது போகட்டும் என்று வாங்கி வைத்திருந்த வீடியோ கேம் அது. கையடக்கமான பெட்டி. உள்ளே பென்குவின் ஒரு லாண்டரி நடத்துகிறது. பாட்டு ஓட ஓட மேலிருந்து சட்டைகள் விழும். தாளம் விழும் இடத்தில் பட்டனைத் தட்டினால், புஸ்ஸென்று ஆவி பறக்க இஸ்திரி விழும். நடுநடுவே கொடியில் தொங்கும் காலுறை ஒன்று சுருதி பிசகாமல் தும்மும். வாசலில் நிற்கும் ஒட்டகச்சிவிங்கி அதற்குத் தலையாட்டும். இப்படியெல்லாம் யோசித்த மகராசன் யாராக இருந்தாலும், அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

"குடுங்க இப்படி" என்று மனைவி வாங்கினாள். தோளில் போனை இடுக்கித் தங்கையோடு பேசிக்கொண்டே தட்டினாள். ஒரு சட்டை கருகவில்லை. பென்குவின் குனிந்து வணக்கம் வைத்தது.

"எப்படி?"

"பாட்டு கேக்குது, தட்டுறேன். இதுல என்னங்க இருக்கு?"

தாளம் அண்ணனுக்கு அது சுருக்கென்று தைத்தது.

பட்டனில்தான் அழுக்கு என்று முடிவு கட்டி, மனைவி வைத்திருந்த ஸ்பிரிட்டை ஊற்றித் துடைத்தார். அது உள்ளே இறங்கி, ஒரு தட்டுக்கு இரண்டு இஸ்திரி விழ ஆரம்பித்தது. இப்போது சட்டைகள் ஜோடி ஜோடியாகக் கருகின. மனைவி பார்த்த பார்வைக்குப் பென்குவினே தேவலாம். ரிப்பேர் கடைக்கு ஓடிப் பட்டனை மாற்றிக்கொண்டு வந்தார்.

"கொஞ்சம் லேட்!"

"கேம்லயே கோளாறு. நிரூபிச்சுக் காட்டுறேன் பாரு" என்று, சீராக டிக் டிக் என்று அடிக்கும் மெட்ரோனோமை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் இம்மி பிசகாமல் ஒன்றாக ஓடின.

"பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

"பாத்தேன். இதுவும் கெட்டுப்போச்சு" என்று மெட்ரோனோமை அலமாரிக்குள் தள்ளினார்.

கடைசியில் ரோஷம் வென்றது. தப்போ சரியோ, பென்குவின் கேட்கிற மாதிரியே தட்டிவிடுவது என்று இறங்கினார். தன் கை சொல்லும் இடத்துக்கு ஒரு துளி முன்னால் தட்ட வேண்டும். சாப்பாட்டு மேஜையில் தட்டிப் பழகினார், வேன் ஸ்டியரிங்கில் தட்டிப் பழகினார், குளிக்கும்போது வாளியில் தட்டிப் பழகினார். ஒருநாள் எல்லாச் சட்டையும் மடிப்புக் கலையாமல் வெளியே வந்தன. காலுறை தும்மியது, ஒட்டகச்சிவிங்கி ஆடியது, பென்குவின் தொப்பியைக் கழற்றிக் குனிந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை கைதட்டல் வாங்கியவருக்கு இதுதான் பெரிதாகத் தெரிந்தது.

வினை மறுநாள் வந்தது.

பெரிய ஓட்டல் ஒன்றில் தினமும் மாலையில் வாசிக்க நிரந்தரமாக ஒரு குழு தேடினார்கள். கிடைத்துவிட்டால் ஊர் ஊராக அலைய வேண்டாம். குழுவில் எல்லோருக்கும் அதுதான் கனவு. மேனேஜர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். பாடகி தலையசைத்தாள். தாளம் அண்ணன் குச்சியை ஓங்கினார்.

கை பென்குவின் கேட்கிற இடத்தில் அடித்தது!

கீபோர்டு திடுக்கிட்டுப் பின்தங்கியது. பாடகி பல்லவியை எடுக்க வாய் திறப்பதற்குள் அந்த இடம் தாண்டிப் போய்விட்டது. பேஸ் கிடார்க்காரர், ஓடும் பஸ்ஸில் ஏறுகிறவர் மாதிரி துரத்திக்கொண்டே வந்தார். தாளம் அண்ணன் பழைய கையை வரவழைக்கப் பார்த்தார், வரவில்லை. பாட்டு ஆளுக்கொரு துண்டாக முடிந்தது.

மேனேஜர் நல்ல மனிதர். "அடுத்த வாரம் இன்னொரு தடவை வாங்க. அதுக்குள்ள யாரால கெட்டுச்சுன்னு பாத்து, அந்த இடத்துல மட்டும் வேற ஆளைப் போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தாளம் அண்ணன் எழுந்தார். குச்சிகளைப் பாடகியின் கையில் கொடுத்தார்.

"என்னாலதாம்மா. ஒரு வீடியோ கேம் விளையாடி என் கையை நானே கெடுத்துக்கிட்டேன். வேற ஆளைப் பாத்துக்குங்க. வேன் எப்பவும்போல உங்களுக்குத்தான்."

மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாடகி குச்சிகளைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள், அவர் வாங்கவில்லை.

வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசும் பேஸ் கிடார்க்காரர் தொண்டையைச் செருமினார்.

"நீங்க எதுக்குண்ணே போகணும்? இன்னைக்குத்தான் முதல் தடவையா சரியான இடத்துல அடிச்சீங்க. இத்தனை வருஷமா உங்களுக்காக லேட்டா வாசிச்சே பழகிப்போன எங்களுக்குத்தான் கை வரமாட்டேங்குது!"