செம்பருந்தின் கடைசிப் பக்கம்

இனிமேல் செம்பருந்து படக்கதையைக் கையால் தொடுவதில்லை என்று தாணுலிங்கம் திருச்செந்தூர் முருகன் மேல் சத்தியம் செய்தார். தொட்டால் ஆத்தூரில் மாமியாரின் வெற்றிலைக் கொடிக்காலுக்கு ஒரு வாரம் தண்ணீர் இறைப்பதாகவும் வாய் தவறிச் சொல்லிவிட்டார். மனைவி செல்லத்தாய் இரண்டாவதை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டாள்.

செம்பருந்து முகமூடி போட்டவன். மாடி விட்டு மாடி தாவுவான். எங்கே போய்விட்டு வருகிறாய் என்று அவனை வீட்டில் யாரும் கேட்பதில்லை. தூத்துக்குடியில் துறைமுகம் போகும் வழியில் பலசரக்குக் கடை வைத்திருந்த தாணுலிங்கத்துக்கு அதனாலேயே அவன் மேல் அப்படி ஒரு பாசம். எழுபத்தைந்தாம் வருஷம் அவன் கதை சினிமாவாக வந்தபோது கடையை அடைத்துவிட்டு நாலு ஆட்டம் பார்த்தார். சினிமாவிலும் முகமூடியைக் கழற்றவில்லை. வீட்டில் சத்தியம் வாங்கியது அன்றைக்குத்தான்.

மறு மாதமே புது இதழ் வந்தது. கையால்தானே தொடக்கூடாது? துண்டால் பிடித்து வாங்கினார். முருகனுக்கு இதில் ஆட்சேபம் இருக்க நியாயமில்லை. பொட்டலம் மடிக்கிற பழைய பேப்பர்க் கட்டுக்குள் ஒளித்துவைத்தார். காகிதத்துக்குள் காகிதத்தை யார் தேடப்போகிறார்கள்?

எதிரி தேளரசன் முகமூடியைப் பிடித்து இழுக்கும் இடம் வரை படித்தவருக்குப் பசி வந்துவிட்டது. செல்லத்தாயைக் கல்லாவில் உட்காரவைத்துச் சாப்பிடப் போனார். திரும்பி வந்தால் கடைசிப் பக்கத்தைக் காணோம். முகமூடிக்குள் யார்? கேட்டால் கொடிக்கால். கேட்காவிட்டால் தூக்கம் கிடையாது. மனுஷர் தவித்துப்போனார்.

“ஏளா, இங்கன கெடந்த பேப்பர்ல யாருக்கும் பொட்டலம் மடிச்சியா?”

“தோணிக்கார மரியான் அண்ணாச்சிக்குக் கருப்பட்டி மடிச்சேன். அவிய படிச்சுக்கிட்டே போனாவ. பாவம், செம்பருந்து செத்துப்போயிட்டானாம்.”

“என்ன சொல்லுத?”

“தேளரசன் நெஞ்சுல கத்தியால குத்திட்டானாம்.”

“கத்தி எப்படி எறங்கும்? உள்ள இரும்புக் கவசம்லா போட்டிருக்கான்.”

“அது எப்பம் போட்டான்?”

“இந்த இதழ்லதான்.”

சொல்லி முடித்த பிறகுதான் தாணுலிங்கத்துக்கு உறைத்தது. செம்பருந்தைப் போலத் தாவித் தப்பிக்க ஜன்னல் தேடினார். கடைக்கு ஜன்னல் கிடையாது.

“கையால தொடலளா. துண்டாலதான் பிடிச்சேன்.”

“கொடிக்கால்லயும் துண்டக் கட்டிக்கிட்டே எறைங்க. காலைல முத பஸ்ஸு.”

“சரி. மரியான்கிட்ட அந்தப் பக்கத்த மட்டும் வாங்கிட்டு வந்திருதேன்.”

“மரியான் அண்ணாச்சி இன்னைக்குக் கடைக்கே வரல. அதக் கிழிச்சு, வெத்தலக்கட்டு கொண்டாந்த ஆத்தூர் ஆளு கையில அம்மாவுக்குக் குடுத்தனுப்பிட்டேன். நீங்க வாசிச்சுப் போட்ட பழசெல்லாம் அங்கதான் இருக்கு. முகமூடிக்குள்ள யாருன்னு தெரியாம அவளுக்கும் உறக்கம் இல்ல.”

தாணுலிங்கத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது. தண்ணீர் இறைத்தால் என்ன, விடை கிடைத்துவிடுமே.

“அப்பம் நாளைக்கே வாசிச்சிரலாம்.”

“அம்மா முடிச்சுட்டுத்தான் தருவா. எழுத்துக்கூட்டி வாசிக்கிறவ. ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆவும்.”