பதினேழாம் படிவமும் சாப்பாட்டு மேசையும்

குழந்தை பெற்றுக்கொள்வது குடும்ப விவகாரம் என்று பலரும் தவறாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் மருத்துவமனையில் அது கடிதப் பிரிவின் விவகாரம். அந்தப் பிரிவுக்குப் பத்தொன்பது வருடமாகக் கண்காணிப்பாளர் என்ற முறையில், நடந்ததை நடந்தபடி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டீச்சர் ஒருவர் என் முன்னால் வந்து நின்றார். வயது முப்பத்தேழு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், நரம்பின் மேலுறையை உடம்பே அரிக்கும் நோய். முன்பெல்லாம் கால் மரத்துப்போகும், கண் மங்கும். மருந்தின் புண்ணியத்தில் இரண்டு வருடமாகத் தொந்தரவு இல்லை.

"குழந்தை பெத்துக்கணும் சார். இந்த நோய் இருந்தா கூடாதுன்னு ஒண்ணும் இல்லையாம். ஆனா நான் சாப்பிடற மாத்திரை வயித்துப் பிள்ளைக்கு ஆகாதாம். எப்ப நிறுத்தறது, பதிலுக்கு என்ன மருந்துன்னு டாக்டருங்க சொல்லணும். அவ்வளவுதான்."

'அவ்வளவுதான்' என்று யாராவது சொன்னால் எங்கள் பிரிவில் எல்லோருக்கும் சிரிப்பு வரும்.

நரம்பியல் பிரிவு எழுதியது: "மனுதாரர் கர்ப்பமுற்றமைக்கான சான்று இணைக்கப்படின், மருந்தை நிறுத்துவது பரிசீலிக்கப்படும்." மகப்பேறு பிரிவு எழுதியது: "மருந்து நிறுத்தப்பட்டமைக்கான சான்று இணைக்கப்படின், கர்ப்பமுறுவது குறித்து ஆலோசனை வழங்கப்படும்." அப்பழுக்கில்லாத கடிதங்கள். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். ஆனால் கடிதம் சுவரில் நுழையாதே! மாடி இறங்கி, என்னிடம் பதிவாகி, தலைமை அலுவலகத்தில் முத்திரை வாங்கி, மறுபடி மாடி ஏறப் பதினோரு நாள்.

டீச்சர் இரண்டையும் படித்தார். "வண்டி கிளம்பட்டும், அப்புறம் பிரேக்கை எடுக்கலாமான்னு பாக்கறேங்கறார் ஒருத்தர். பிரேக்கை எடுத்துட்டு வா, கிளம்பறதைப் பத்திப் பேசலாங்கறாங்க இன்னொருத்தர். என்கிட்ட கத்துக்க வந்தா ரெண்டு பேருக்கும் லைசென்ஸ் கிடைக்காது சார்."

எனக்கு மனசு கேட்கவில்லை. மனசு கேட்காதபோது நான் படிவம் தயாரிப்பது வழக்கம். அப்படிப் பிறந்ததுதான் பதினேழாம் படிவம். ஒன்பதாம் கட்டத்தில் 'கருத்தரிக்க உத்தேசித்துள்ள தேதி (அலுவலக விடுமுறை நாட்கள் நீங்கலாக)' என்று போட்டிருந்தேன்.

"தேதி எப்படி சார் எழுதறது?"

"உத்தேசமாத்தாம்மா. தப்பினா திருத்தப் படிவம் இருக்கு."

"கீழ என்ன, ரெண்டு சாட்சியா? எதுக்கு சார் சாட்சி?"

"கையெழுத்துக்கு மட்டுந்தாம்மா," என்றேன் அவசரமாக.

ஐந்து மாதம் போயிற்று. கோப்பு நன்றாகப் பருத்தது. டீச்சர் மறுபடி வந்தார்.

"எனக்கு முப்பத்தெட்டு ஆயிடுச்சு சார். அதுக்கு உங்க படிவத்துல கட்டம் இருக்கா?"

இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு வெட்கமாக இருந்தது.

"அந்த ரெண்டு டாக்டரும் மத்தியானம் எங்க சாப்பிடறாங்க?"

"ஒரே மேசையிலதான்."

"என்ன பேசுவாங்க?"

"கிரிக்கெட். கோப்புக்கு வெளியில நோயாளி விஷயம் பேசக்கூடாதுன்னு நான்தாம்மா சுற்றறிக்கை விட்டேன்."

"கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலைய விட்டீங்களே!" என்றவர், விறுவிறுவென்று மாடியேறி, தம் டிபன் பாக்ஸோடு அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டார். சுற்றறிக்கையோடு நான் மூச்சிரைக்க ஓடிச் சேர்வதற்குள் பேச்சு முக்கால்வாசி முடிந்திருந்தது.

"மாத்திரையை இப்பவே மாத்திடலாமே," என்றார் நரம்பு டாக்டர், வாயில் சோற்றோடு. "பழைய மருந்து உடம்பை விட்டுப் போனதும் முயற்சி பண்ணட்டும். எப்பன்னு நான் சொல்றேன்."

"ஃபோலிக் ஆசிட் இன்னைக்கே ஆரம்பிச்சுடறேன்," என்றார் மகப்பேறு டாக்டரம்மா. "கர்ப்பத்துல நோய் பெரும்பாலும் அடங்கித்தான் இருக்கும். பிரசவம் ஆன பிறகு சில மாசம் தலைதூக்கப் பாக்கும். அப்ப நீங்க கவனிச்சுக்குங்க."

"ஆகட்டும். அந்த உப்பை இப்படித் தள்ளுங்க."

நாலு நிமிடம். அடுத்த வருடம் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

நிர்வாகம் பூரித்துப்போனது. 'ஒருங்கிணைந்த மேசைவழிச் சேவை' என்று பெயர் வைத்து, பேனர் கட்டி, படம் எடுத்துக்கொண்டார்கள். நாற்காலிகளுக்கு எண் போட்டோம். டோக்கன் வந்தது. டோக்கன் வாங்கப் பதினேழாம் படிவம் கட்டாயமானது. சேவையின் கண்ணியம் கருதி மேசையில் சாப்பிடுவது தடைசெய்யப்பட்டது. டாக்டர்கள் அவரவர் அறையில், சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சாப்பிட ஆரம்பித்தார்கள். கேட்பாரற்றுக் கிடந்த மேசையை என் அறைக்குக் கொண்டுவந்து, நிலுவைக் கோப்புகளை அடுக்கினேன்.

போன வாரம் என் தங்கை வந்தாள். மூன்று வருடமாக அவளுக்கும் அதே நோய்; குழந்தை ஆசையும் அதேதான். கையில் பெரிய அடுக்குப் பாத்திரம்.

"அண்ணா, அந்த டீச்சருக்கு நாலே நிமிஷத்துல முடிஞ்சுதாமே! டாக்டருங்களுக்கும் சேர்த்துக் கட்டிட்டு வந்திருக்கேன். எங்க அந்த மேசை?"

கையைக் காட்டினேன். கோப்புகள் அவள் கழுத்து உயரம் இருந்தன. பாத்திரத்தை வைக்க இடமில்லாமல் தரையில் வைத்தாள். நான் பதினேழாம் படிவத்தை எடுத்து நீட்டினேன். கடைசிவரை படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சாட்சிக் கையெழுத்தாவது நீ போடுவியா அண்ணா?"

பிரிவு ஊழியர்கள் சொந்தக்காரர்களுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட முடியாது. அந்த விதியும் நான் எழுதியதுதான்.