டோலெஃப்சன் மாடுகள் கடந்த இடம்

மனிதகுலத்தின் மாபெரும் சாதனை ரயில் விட்டது என்பார்கள். தவறு. ரயிலை ஒழித்துவிட்டு அதே இடத்தில் நடப்பதுதான்.

அந்தப் பெருமை அமெரிக்காவின் விஸ்கான்சினில் எங்கள் ஹால்வர் ஊருக்கு உண்டு. தண்டவாளத்தைப் பெயர்த்தோம், சரளை கொட்டினோம், ‘பாரம்பரிய நடைபாதை’ என்று பெயரிட்டோம். இங்கே நடப்பதற்காக மக்கள் நூறு மைல் காரோட்டி வருகிறார்கள். நான் பாதைக் குழுவின் வரலாற்று உபகுழுத் தலைவன். சம்பளம் கிடையாது, தொப்பி உண்டு.

ஒரே களங்கம், ஆர்லன் டோலெஃப்சனின் முப்பது மாடுகள். மேய்ச்சல் நிலம் பாதைக்கு அந்தப் பக்கம், தொழுவம் இந்தப் பக்கம். பால் கறக்க இரு வேளையும் கடந்தாக வேண்டும். அந்தக் கால ரயில் டிரைவர்கள் மாடுகள் போகும்வரை வண்டியை நிறுத்துவார்களாம். எங்கள் சைக்கிள்காரர்களுக்கு நிற்க ஏது நேரம்? அவர்கள் ஓய்வெடுக்க வந்தவர்கள்.

சக்கரத்தில் சாணி ஒட்டியதாகப் புகார் வந்ததும் குழு அவசரமாகக் கூடியது. ஆர்லன் சேற்றுப் பூட்ஸோடு வந்து நின்றார்.

“ஆர்லன், உங்க தாத்தா ரயிலுக்கு நிலம் குடுத்தப்போ என்ன பேச்சு? ரயில் ஓடுற வரைக்கும் மாடு கடக்கலாம்னுதானே?” என்றார் குழுத் தலைவி மார்லிஸ்.

“ஆமா.”

“இப்ப ரயில் ஓடுதா?”

“அதான் நீங்க பிடுங்கிட்டீங்களே!”

“அப்புறம் எந்த தைரியத்துல மாட்டை விடுறீங்க?”

“ஏம்மா, நேரத்துக்குக் கறக்கலேன்னா மடி வீங்கிடும். ரோட்டைச் சுத்தி ஓட்டினா ஆறு மைல். மாட்டை வித்துட்டு நான் என்ன பண்ண?”

“நடக்கறது உடம்புக்கு நல்லதுப்பா,” என்றேன் நான். எங்கள் பாதையின் முழக்கமே அதுதான்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வேலி வந்தது. அக்டோபரில் லாரி வந்து மாடுகளை ஏற்றிப் போயிற்று. காலித் தொழுவத்தின் வாசலில் ஆர்லன் நின்றதைப் பார்த்தபோது நான் தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொண்டேன். வெயிலாக இருக்கும்.

குழு சும்மா இருக்குமா? அடுத்த வசந்தத்தில் அதே இடத்தில் கண்ணாடியிழையில் அழகான பசுச் சிலை ஒன்றை நிறுத்தினோம். ‘இங்கே டோலெஃப்சன் மாடுகள் கடந்தன’ என்று வெண்கலப் பலகையும் வைத்தோம். சைக்கிள்காரர்கள் அத்தனை பேரும் இறங்கி நின்று படம் பிடித்தார்கள். கைதட்டல் அடங்கவே இல்லை.

ஆர்லன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “ஏய்யா, முப்பது மாடு உசுரோட நின்னப்போ ஒருத்தரும் கை தட்டலையே?”

என்ன அறியாமை! பதவிக்குரிய பொறுமையோடு விளக்கினேன்:

“உசுரோட இருந்தா அது வெறும் மாடுப்பா. நாங்க ஒழிச்சுக் கட்டினப்புறம்தானே பாரம்பரியம்!”